பேஸ் கிட்டாரும் நோட்டேஷன் வாசிப்பும்: புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பேஸ் கிட்டாரை முதல்முறை கையில் எடுக்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. நான் பல வருஷம் நோட்டேஷன், அதாவது ஐந்து கோடுகளில் இசையை எழுதும் முறை, தெரியாமலே வாசித்துவிட்டு, அப்புறம் முதல் கோட்டிலிருந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டவன். அந்த இரண்டு காலத்தையும் மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

எனக்கு இசை எதுவும் தெரியாது. முதலில் சாதாரண கிட்டார் கற்றுக்கொண்டு பிறகுதான் பேஸுக்கு வர வேண்டுமா?

வேண்டாம். நேராக பேஸிலேயே தொடங்கலாம். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் செய்யும் வேலை வேறு. கிட்டாரில் முதல் மாதம் முழுக்கப் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி கார்டு பிடிக்கவே போய்விடும். பேஸில் பெரும்பாலும் ஒரு நேரத்துக்கு ஒரே ஸ்வரம்தான். அதனால் நோட்டேஷன் வாசிக்கப் பழகவும் இது நல்ல வாத்தியம். பியானோவில் இரண்டு கைக்கும் தனித்தனி வரிகளைக் கண் ஒரே சமயத்தில் பின்தொடர வேண்டும். பேஸுக்கு ஒரே வரி, ஒவ்வொரு புள்ளியாக வரும்.

பாட்டில் பேஸ் என் காதில் விழவே மாட்டேன் என்கிறதே?

எதில் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். பேஸின் தடித்த கம்பி, அதாவது ஈ கம்பி (ஈ, ஏ என்பவை மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்), நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். அடுத்த ஏ கம்பி 55 முறை. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. காதை மூடும் ஹெட்போனில் அதே பாட்டைக் கேளுங்கள். டிரம்ஸின் பெரிய முரசு, அதான் கிக், எங்கே விழுகிறது என்று முதலில் பிடித்துக்கொண்டால் அதை ஒட்டியே பேஸ் நடப்பது புரியும். ஒரு வாரம் இப்படிக் கேட்டாலே போதும், அப்புறம் எந்தப் பாட்டைக் கேட்டாலும் காது தானாக அங்கே போய் நிற்கும்.

நான்கு கம்பியா, ஐந்தா? எந்த அளவு வாங்குவது?

நான்கு. ஐந்தாவது கம்பி கீழே ஒரு பி கொடுக்கும், பின்னால் தேவைப்படலாம். ஆனால் தொடங்கும்போது அது சத்தமில்லாமல் அடக்கி வைக்க வேண்டிய இன்னொரு கம்பி, அவ்வளவுதான்.

அளவு என்றால் கம்பியின் அதிரும் நீளம். வழக்கமானது 34 அங்குலம். லியோ ஃபெண்டர் 1951ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸிலேயே இந்த அளவுதான். அதற்கு முன் பரவலாக இருந்த ஆளுயர டபுள் பேஸில் ஃப்ரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை, கிடையாது, விரலைக் காதால்தான் சரியான இடத்தில் வைக்க வேண்டும். ஃப்ரெட் போட்டதால் சுருதி துல்லியமாக விழுந்தது, அதிலிருந்துதான் அந்தப் பெயர். கை சிறியது என்றால் 30 அங்குல பேஸ் எடுங்கள். அதைக் குழந்தைகளுக்கானது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பழைய வாத்தியம் வாங்கினால் மூன்று விஷயம் பாருங்கள். எல்லா ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் அழுத்தி, ஸ்வரம் செத்துப்போகிறதா என்று கேளுங்கள். கழுத்தைப் பக்கவாட்டில் பார்த்து வளைவு அதிகமா என்று பாருங்கள். ஒயரைச் செருகி, வால்யூமைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா என்று கவனியுங்கள். கம்பி ஃப்ரெட்டிலிருந்து ரொம்ப உயரத்தில் நின்றால், தெரிந்தவரிடம் கொடுத்து ஒரு முறை செட்டப் செய்து, அதாவது கம்பி உயரத்தைச் சரிசெய்து, வாங்கிவிடுங்கள். கஷ்டம் வாத்தியத்தில் இருக்க, தன் விரலைக் குறை சொல்லிக்கொண்டு விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர்.

கூடவே வேறென்ன வேண்டும்?

சுருதி காட்டும் ட்யூனர், சீராகத் தட்டுப் போடும் மெட்ரோனோம், தோள்வார், கேட்பதற்கு ஏதாவது ஒரு வழி. முதல் இரண்டும் கைப்பேசி செயலியாகவே கிடைக்கும். கேட்பதற்கு ஹெட்போன் செருகும் சின்ன ஆம்ப் (ஒலிபெருக்கி) போதும். ஒயரைச் செருகாமல் வெறுமனே வாசித்துப் பழகாதீர்கள். சத்தம் வரவில்லையே என்று வலது கை தன்னையறியாமல் ஓங்கி இழுக்கத் தொடங்கும், அந்தப் பழக்கம் எளிதில் போகாது. சாதாரண கிட்டார் ஆம்பில் செருகுவதானால் வால்யூமைக் குறைவாகவே வையுங்கள். ஏற்றினால் அதன் ஸ்பீக்கர் தாங்காது.

சுருதி சேர்ப்பது எப்படி?

தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி. ட்யூனரைப் பார்த்துச் சேருங்கள். அப்புறம் காதால் சரிபாருங்கள்: ஈ கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டும் திறந்த (இடது விரல் அழுத்தாத) ஏ கம்பியும் ஒரே ஸ்வரம். ஏ கம்பியின் 5ஆம் ஃப்ரெட் டி, டி கம்பியின் 5ஆம் ஃப்ரெட் ஜி. இரண்டையும் சேர்த்து ஒலிக்க விட்டால், சுருதி விலகியிருந்தால் சத்தம் அலை அலையாக ஏறி இறங்கும். முறுக்காணியைத் திருப்பிச் சுருதி நெருங்கி வரும்போது அந்த அலை மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும்.

வலது கை எப்படி இருக்க வேண்டும்?

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி. நடப்பதுபோல. கட்டைவிரல், கம்பிகளுக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் மேல் தங்கட்டும். கம்பியை மேலே தூக்கி இழுக்காமல் குறுக்கே தள்ளுங்கள். தள்ளிய விரல் அடுத்த தடித்த கம்பியின் மேல் போய் அமர வேண்டும். இந்த அமர்வதில்தான் பாதி வித்தை இருக்கிறது, ஏனென்றால் அது அந்தக் கம்பியை வாயடைத்து வைக்கிறது. பேஸ் தெளிவாகக் கேட்பதற்கு, ஒலிக்க வேண்டியதை ஒலிக்க வைப்பது எவ்வளவு முக்கியமோ, ஒலிக்கக் கூடாததை நிறுத்தி வைப்பதும் அவ்வளவு முக்கியம்.

இது ஒன்றே வழி என்றும் இல்லை. புகழ்பெற்ற பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். இன்னொரு புகழ்பெற்ற பேஸ்காரர் கேரல் கே, பிக் என்ற சின்னத் தகட்டை வைத்து வாசித்தார். ஆனால் தொடக்கத்தில் இரண்டு விரல் பழகுவது நல்லது.

இடது கை வலிக்கிறது. நான் தவறு செய்கிறேனா?

விரல் நுனி எரிவது சாதாரணம், சில வாரத்தில் தோல் தடிக்கும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலித்தால் உடனே நிறுத்துங்கள், பொறுத்துக்கொண்டு வாசிக்காதீர்கள். பெரும்பாலும் காரணம் இரண்டு. ஒன்று, விரலை ஃப்ரெட்டிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, இரைச்சல் போக அதிகமாக அழுத்துவது. ஃப்ரெட்டின் உலோகப் பட்டையை ஒட்டிப் பின்னால் வைத்தால் பாதி அழுத்தம் போதும்.

இரண்டாவது, நான்கு ஃப்ரெட்டுக்கு நான்கு விரல் என்று கையைக் கிழிய நீட்டுவது. 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட்டுக்கும் நான்காவதுக்கும் இடையே ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். கழுத்தின் தொடக்கத்தில் டபுள் பேஸ்காரர்களின் முறையைப் பின்பற்றுங்கள்: 1ஆம் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி, 2க்கு நடுவிரல், 3க்குச் சுண்டுவிரல், மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணை. நான்காவது ஃப்ரெட் தேவைப்பட்டால் கையையே சற்று நகர்த்துங்கள். மேலே போகப் போக ஃப்ரெட்டுகள் நெருங்கும், அங்கே நான்கு விரலும் வசதியாக நிற்கும்.

டாப் இருக்கும்போது நோட்டேஷன் எதற்கு? பீட்டில்ஸ் குழுவின் பேஸ்காரர் பால் மெக்கார்ட்னிக்கே நோட்டேஷன் வாசிக்கத் தெரியாதாமே?

உண்மைதான், அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் பெரும்பாலும் தானும் தன் குழுவும் உருவாக்கிய பாட்டை வாசித்தவர். நீங்கள் இன்னொருவர் மனதில் இருப்பதை, அவர் வந்து பாடிக் காட்டாமலே, ஒரு தாளைப் பார்த்து வாசிக்க விரும்பினால் நோட்டேஷன்தான் வழி.

டாப் என்பது நான்கு கோடு போட்டு, எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண் எழுதும் முறை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதுதான் முதலில் சோறு போட்டது. ஆனால் சாதாரண டாப்பில், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும், எங்கே மௌனம் என்பது இருக்காது. பாட்டை முன்பே கேட்டிருந்தால்தான் டாப் பயன்படும். ஒரு ஒத்திகையில் எனக்கு நேராக இப்படி நடந்தது: கேட்டே இராத ஒரு பாட்டின் தாளை முன்னால் வைத்துவிட்டு டிரம்மர் எண்ணத் தொடங்கினார். நான்கு எண்ணி முடிந்தது, எல்லோரும் வாசித்தார்கள், என் கை கம்பி மேல் அப்படியே இருந்தது. வாசிக்கத் தெரியும், ஆனால் வாசிக்கத் தெரியவில்லை. தமிழில் புத்தகத்துக்கும் வாத்தியத்துக்கும் ஒரே சொல் இருப்பதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆகவே என் கருத்து: முதல் வாரத்திலிருந்தே இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். 'முதலில் கை பழகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளினால், கை ஓடத் தொடங்கியபின் குழந்தைபோல மெதுவாக எழுத்துக்கூட்டி வாசிக்க மனம் ஒப்பாது. கையும் கண்ணும் இரண்டுமே புதிதாக இருக்கும்போது ஒன்றுக்கொன்று காத்திருக்கும்.

அந்த ஐந்து கோடுகளைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

நான்கு திறந்த கம்பிகளிலிருந்து. பேஸ் க்ளெஃப் என்ற குறியில் இரண்டு புள்ளிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஓடும் நான்காவது கோடு எஃப். (கோடுகளைக் கீழிருந்துதான் எண்ண வேண்டும்.) இனி நம் கம்பிகள்: ஈ, ஐந்து கோட்டுக்கும் கீழே ஒரு குட்டிக் கோடு போட்டு அந்தக் கோட்டிலேயே. ஏ, கீழேயிருந்து முதல் இடைவெளியில். டி, நட்டநடுக் கோட்டில். ஜி, மேலேயிருக்கும் கடைசி இடைவெளியில். இந்த நான்கையும் ஒரு தாளில் கலைத்துப் போட்டு எழுதி, பார்த்தவுடன் கம்பியை இழுக்கப் பழகுங்கள். இடது கையே வேண்டாம். இரண்டு நாளில் வந்துவிடும்.

அப்புறம் ஒவ்வொரு கம்பியாக நிரப்புங்கள். ஈ கம்பியில் 1 எஃப், 3 ஜி. ஏ கம்பியில் 2 பி, 3 சி. டி கம்பியில் 2 ஈ, 3 எஃப். ஜி கம்பியில் 2 ஏ, 4 பி. திறந்த கம்பிகளையும் சேர்த்தால் மொத்தம் 12 ஸ்வரங்கள். இந்தப் பன்னிரண்டே, குட்டிக் கோட்டிலிருந்து தொடங்கி ஐந்து கோடுகளையும் தாண்டி மேலே ஒரு படி வரை போய்விடுகின்றன. கழுத்தின் முதல் நான்கு ஃப்ரெட் தெரிந்தால் அந்தப் பக்கம் முழுவதும் உங்கள் கைக்குள் இருக்கிறது. எனக்கு இது புரிந்த நாளில் பயம் போய்விட்டது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஸ்வரப் புள்ளிகளுக்கு அடியில் பெயரை எழுதி வைக்காதீர்கள். கண் எழுத்தை மட்டுமே பார்க்கும், புள்ளியைப் பார்க்காது.

பியானோ தெரிந்த நண்பரோடு ஒப்பிட்டால் ஒரு குழப்பம் வரும். பேஸுக்கு எழுதப்படுவது, ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே. குட்டிக் கோடுகள் குவியாமல் இருக்க இப்படி ஒரு ஏற்பாடு. அதே புள்ளியை அவர் வாசித்தால் உங்களைவிட ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். இருவரும் சரிதான்.

புள்ளியின் இடம் புரிகிறது. தாளம்தான் பிடிபடவில்லை.

பெரும்பாலானோர் சிக்குவது இங்கேதான். பேஸ்காரர் தவறான ஸ்வரத்தைச் சரியான நேரத்தில் வாசித்தால் பலருக்குத் தெரியாமலே போகலாம். சரியான ஸ்வரத்தைத் தவறான நேரத்தில் வாசித்தால் மொத்தக் குழுவும் தடுமாறும். அதனால் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டியும் வாய்விட்டும் பழகுங்கள்.

தொடக்கத்தில் நான்கு நான்கு என்று போட்டிருந்தால் ஒரு கட்டத்துக்கு (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதிக்கு) நான்கு தட்டு. குவாட்டர் நோட் ஒரு தட்டு (சில புத்தகங்களில் இதன் பெயர் க்ராட்செட்), ஹாஃப் நோட் இரண்டு, ஹோல் நோட் நான்கு. தட்டைப் பாதியாக்கும் எய்ட்த் நோட்டுக்கு 'தக' என்று சொல்லுங்கள், காலாக்கும் சிக்ஸ்டீன்த் நோட்டுக்குத் 'தகதிமி'. மூன்றாகப் பிரிந்தால் 'தகிட'. காதில் ஏற்கெனவே இருக்கும் சொற்கள், நாக்கு தடுக்காது.

பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்த குவாட்டர் நோட்டும் (ஒன்றரைத் தட்டு) அதைத் தொடர்ந்து ஓர் எய்ட்த் நோட்டும் பேஸில் அடிக்கடி வரும். 'தக தக' என்று நான்கு அசை சொல்லுங்கள். முதல் மூன்று அசையும் முதல் ஸ்வரத்துக்கு, கடைசி 'க'வில் இரண்டாவது ஸ்வரம். மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டில் வைத்து இதை ஐம்பது முறை சொல்லிவிட்டுப் பிறகு கம்பியைத் தொடுங்கள்.

பார்த்தவுடன் வாசிப்பது, அதாவது சைட் ரீடிங், என்றால் சரியாக என்ன? எப்படிப் பழகுவது?

முன்பு பார்த்திராத தாளை, முதல் முறையிலேயே, நிற்காமல் வாசிப்பது. ஒரு பாட்டை எழுத்துக்கூட்டி, திருத்தித் திருத்தி மனப்பாடம் செய்வது வேறு பயிற்சி. இரண்டுமே தேவை, ஆனால் ஒன்று மற்றொன்றைக் கொண்டுவராது. பத்து முறை வாசித்த தாளை இனி வாசிப்புப் பயிற்சிக்குப் பயன்படுத்த முடியாது, அதற்குள் விரல் மனப்பாடம் செய்திருக்கும். தினமும் புதுத் தாள் வேண்டும், அதுவும் உங்களால் முடிகிறதைவிட எளிதானதாக.

சின்னதாக ஒன்று பார்ப்போம். முதல் கட்டம்: ஏ, ஏ, சி, டி, நான்கும் குவாட்டர் நோட். இரண்டாம் கட்டம்: ஈ ஹாஃப் நோட், ஒரு தட்டு மௌனம், கடைசியில் சி குவாட்டர் நோட். வாசிக்கும் முன் அரை நிமிஷம் தாளைப் பாருங்கள். ஷார்ப், ஃப்ளாட் (இவற்றைப் பின்னால் சொல்கிறேன்) ஏதும் இல்லை. தாளம் நான்கு. மிகக் கீழே இருப்பது ஏ, மேலே இருப்பது ஈ, ஆகவே கை நகர வேண்டியதில்லை. கஷ்டமான இடம் எது? அந்த மௌனம். எவ்வளவு மெதுவாகப் போனால் அது சரியாக வருமோ அதுவே வேகம்.

இப்போது வாசியுங்கள். ஏ கம்பி திறந்தபடி இரண்டு முறை. மூன்றாவது தட்டில் அதே கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டில் சுண்டுவிரல், சி. நான்காவதில் திறந்த டி கம்பி. அதைத் தள்ளிய விரல் ஏ கம்பியின் மேல் அமர்ந்து சி ஸ்வரத்தை நிறுத்திவிடும், தனியாக எதுவும் செய்ய வேண்டாம். டி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். நடுவிரல் டி கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டில், ஈ. 'ஒன்று, இரண்டு' எண்ணி, மூன்று சொல்லும் அந்தக் கணத்தில் விரலின் அழுத்தத்தை மட்டும் விடுங்கள், கம்பியை விட்டு எடுக்காதீர்கள். எடுத்தால் திறந்த டி முணுமுணுக்கும். நான்கில் சி.

தவறினால் நிற்காதீர்கள், திரும்பிப் போகாதீர்கள். இதுதான் மிகக் கடினம், ஏனென்றால் தவறைத் திருத்தச் சொல்லித்தான் நம்மை எல்லோரும் வளர்த்திருக்கிறார்கள். தொலைந்துவிட்டால் எண்ணிக்கையை மட்டும் விடாமல் அடுத்த கட்டத்தின் முதல் தட்டில் ஏறிக்கொள்ளுங்கள். முதல் தட்டு மட்டும் வாசித்து ஒரு பக்கத்தை முடித்தாலும், நேரம் தவறாமல் முடித்தால், அது நல்ல பயிற்சி.

கையைப் பார்க்காமல் எப்படி வாசிப்பது?

முதல் நிலையிலேயே, அதாவது கழுத்தின் முதல் சில ஃப்ரெட்டுகளிலேயே, கை நகராமல், இருட்டில் வாசித்துப் பாருங்கள். தாளை வைக்கும் ஸ்டாண்டைக் கழுத்து நீளும் பக்கமாக, கண் உயரத்தில் வையுங்கள். தாள் மடியில் கிடந்தால் கண் கைக்குத்தான் போகும். கை தாவ வேண்டிய இடத்தில் ஒரு நொடி பார்ப்பது தப்பே இல்லை.

ஷார்ப், ஃப்ளாட் வந்தால்?

ஷார்ப் என்றால் ஒரு ஃப்ரெட் மேலே, ஃப்ளாட் என்றால் ஒரு ஃப்ரெட் கீழே. வரியின் தொடக்கத்தில் இருந்தால் அந்தப் பெயருள்ள எல்லா ஸ்வரத்துக்கும், வழியில் வந்தால் அந்தக் கட்டம் முடியும்வரை. முதலில் ஒரே ஒரு ஷார்ப் உள்ள தாள்களை மட்டும் எடுங்கள். அது எஃப் ஷார்ப்: ஈ கம்பியில் 2, டி கம்பியில் 4.

ஒரே ஸ்வரம் பல இடத்தில் இருக்கிறதே, எங்கே வாசிப்பது?

திறந்த ஜி கம்பி, டி கம்பியின் 5, ஏ கம்பியின் 10, ஈ கம்பியின் 15, நான்கும் ஒரே ஜி. தடித்த கம்பியில் மேலே போகப் போகக் குரல் உருண்டையாகும். ஆனால் தொடக்கத்தில் கேள்வி ஒன்றுதான்: அடுத்து வருவது எங்கே இருக்கிறது? கை குறைவாக நகரும் இடம்தான் சரியான இடம். முதல் சில மாதம் முதல் நிலையை விட்டு வெளியே போகவே வேண்டாம்.

தாளில் புள்ளிகளே இல்லாமல் எழுத்துகள் மட்டும் இருந்தால்?

அது கார்டு தாள், பேஸ்காரருக்கு அடிக்கடி கிடைப்பதும் அதுதான். ஏ மைனர் என்று இருந்தால் ஏ, சி மேஜர் ஏழு என்று இருந்தால் சி, எதுவாக இருந்தாலும் முதல் எழுத்தைக் கட்டத்தின் முதல் தட்டில் வையுங்கள். சாய்கோடு போட்டு இரண்டு எழுத்து இருந்தால், உதாரணமாக சி, சாய்கோடு, ஈ என்றால், கோட்டுக்குப் பின்னால் உள்ளதுதான் உங்களுடையது. மற்றவர்கள் சி கார்டு வாசிப்பார்கள், நீங்கள் ஈ.

தினமும் எவ்வளவு நேரம்? எத்தனை நாளில் வரும்?

இருபது நிமிஷம் தினமும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்பதைவிட இது எவ்வளவோ மேல். பத்து நிமிஷம் வாசிப்பு, மீதி உங்களுக்குப் பிடித்த பாட்டு. அந்த இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள், அதற்காகத்தானே வாத்தியம் வாங்கினீர்கள். இப்படிப் போனால் மூன்று மாதத்தில், நான்கு ஃப்ரெட்டுக்குள் எளிய தாளை மெதுவாக நிற்காமல் வாசிக்கலாம். சிலருக்கு ஆறு மாதம் ஆகலாம். வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலும் இதே கணக்குதான்.

ஆசிரியர் கட்டாயமா?

கட்டாயமில்லை. ஆனால் கை நிலையைப் பார்த்துச் சொல்ல, தொடக்கத்தில் நான்கைந்து வகுப்பாவது நேரில் போனால் நல்லது. போவதற்கு முன் நோட்டேஷன் சொல்லித் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

முதல் முறையாக ஒரு குழுவோடு தாளைப் பார்த்து வாசிக்கப் போகிறேன். என்ன எடுத்துப் போவது?

பென்சில். பேனா வேண்டாம். வாசிக்கத் தொடங்குமுன் திரும்ப வாசிக்கும் குறிகள் எங்கே இருக்கின்றன, எங்கிருந்து எங்கே தாவ வேண்டும் என்று விரலால் ஒரு முறை தடம் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல வாசிப்பாளர்கள்கூடத் தொலைவது பெரும்பாலும் இங்கேதான். தவறிய ஸ்வரத்தை வட்டமிடுங்கள், ஒரே இடத்தில் இரண்டாவது முறையும் தவறினால் பெரிதாக வட்டமிடுங்கள். அப்புறம் டிரம்மரின் கிக் காதில் விழும் தூரத்தில் போய் நின்றுகொள்ளுங்கள்.